வீட்டுக்கு 2,333 ரூபாய்: கடலோர ஊராட்சி ஒன்றின் கட்டாத பில்கள்

ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே பாக் நீரிணைக் கரையில் ஒரு கிராம ஊராட்சி. அங்கே 2020 ஜனவரி தொடங்கி 2025 வரை நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் இல்லை. ஊரை அடையாளம் காட்டிவிடக் கூடாது என்பதால் தொகைகளையும் முழு எண்ணாக்கியிருக்கிறேன். நான் கூட்டுறவுத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அந்த ஊர் மாப்பிள்ளை. 2022 டிசம்பரில் தலைவர் கூப்பிட்டுக் கணக்கைப் பார்த்துத் தரச் சொன்னார். அதற்கு முன் நடந்தவை கேட்டு அறிந்தவை. பின் நடந்தவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவை.

ஊரும் வரவும்

தாய்க்கிராமம் ஒன்று, குக்கிராமம் மூன்று, மொத்தம் 870 வீடு. பாதிக்கு மேல் கடல் தொழில். மேற்கே மழையை நம்பி ஒரு போகம் நெல்லும் மிளகாயும். வீட்டுக்கு ஒருவராவது சவுதியிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் தெருக்களும் உண்டு. நிலத்தடித் தண்ணீர் உப்பு. மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடம் நிரப்பியதை என் மாமியார் இன்றைக்கும் சொல்வார். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு நிலைமை மாறியது. ஆனாலும் குழாயின் கடைசி ஊர் என்பதால் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். அந்த இடைவெளிக்காக, உப்புத் தண்ணீரை வடிகட்டிக் குடிநீராக்கும் ஒரு ஆர்.ஓ. பிளாண்ட்டை ஊராட்சி நடத்தியது. குடம் 5 ரூபாய். நான்கு குடம் நிற்கும் தள்ளுவண்டியைப் பெண்கள் காலையில் வரிசையில் போட்டுவிட்டுப் போவார்கள்.

சொந்த வருமானம் சொற்பம். வீட்டு வரிக் கேட்பு, அதாவது வர வேண்டியது, ஆண்டுக்கு ₹2,40,000, வசூல் ₹1,25,000. குடிநீர் இணைப்பு 520, மாதம் 30 ரூபாய் வீதம் வர வேண்டியது ₹1,87,200, வந்தது ஏறக்குறைய ₹70,000. கண்மாய்க் கரையின் சீமைக்கருவேலம் எப்போதாவது ஏலம் போகும். மீதியெல்லாம் மேலிருந்து வரும் மானியம்.

வெளியே இருப்பவர்களுக்கு ஒரு விவரம். ஊராட்சிக்கு மூன்று வங்கிக் கணக்கு. முதலாவது பொது நிதி. இரண்டாவது மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டியதற்கும். மூன்றாவது திட்டப் பணம். மத்திய அரசு தந்த 15-ஆவது நிதிக்குழு மானியத்தில், 2021–22 முதல் 100 ரூபாய் வந்தால் 60 ரூபாயைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவிட முடிந்தது. மீதி 40-இலும் சம்பளம், நிர்வாகச் செலவு எடுக்கக் கூடாது என்று இருந்தது. காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். பணம் ஓட்டமாக ஓடாதபடி இத்தனை கதவு போட்டிருக்கிறார்கள். ஆனால் பணம் கொடுத்தால்தானே கதவைத் தாண்ட வேண்டும்? கொடுக்காமலே வாங்கிக்கொள்வதற்கு எந்தக் கதவும் இல்லை.

முதல் மூன்று ஆண்டு

2016 அக்டோபரிலிருந்து மூன்று ஆண்டுக்கு மேல் தேர்தல் இல்லாமல், அரசு நியமித்த தனி அலுவலர் நிர்வாகம் நடந்த பிறகு, 2019 டிசம்பரில் தேர்தல். 2020 ஜனவரி 6-இல் பொறுப்பேற்ற தலைவர் நாற்பதைத் தொட்ட பெண். பத்து ஆண்டு மகளிர் குழுவில் கணக்கு எழுதியவர். துணைத்தலைவர் இரண்டு படகுக்குச் சொந்தக்காரர். பொறுப்பேற்ற முதல் வாரமே மின்கட்டணப் பாக்கி ₹3,10,000 என்று ஊராட்சிச் செயலர் சொல்லியிருக்கிறார். "எல்லா ஊர்லயும் இருக்கிறதுதான்க்கா, கேக்க மாட்டாங்க" என்பதையும் சேர்த்தே சொன்னாராம்.

மூன்று ஆண்டு தேங்கிக் கிடந்த ஊருக்குப் பசி அதிகம். நான்கு தெருவுக்குப் பேவர் பிளாக், நுழைவு வளைவு, குக்கிராமங்களுக்குப் புதுத் தெருவிளக்கு. நடுவே கொரோனா வந்து பிளீச்சிங் பவுடர், கிருமிநாசினி, கபசுரக் குடிநீர் என்று பொது நிதியை வழித்து எடுத்தது. பேவர் பிளாக் வேலை மதிப்பீட்டைத் தாண்டியது. தாண்டியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தக்காரரே சொன்னார். இரண்டாம் கணக்கில் இருந்த பணம் சில தடவை முதல் கணக்கின் ஓட்டையை அடைக்கப் போனது.

மூன்று கோபுர விளக்குகள் வந்த விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு ₹3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு ₹5 கோடி. அதிலிருந்து ஒரு விளக்கு கேட்டு வாங்குவது தலைவருக்குப் பெருமை, கொடுப்பவருக்கும் பெருமை. கம்பத்தில் கொடுத்தவர் பெயர் இருக்கும். மின்கட்டண அட்டையில் ஊராட்சியின் பெயர் இருக்கும். மூன்று விளக்கும் எரியத் தொடங்கிய பின் இரண்டு மாத பில் எவ்வளவு ஏறியது என்று யாரும் கணக்கிடவில்லை. பில்லைக் கட்டாதபோது அது எவ்வளவு ஏறினால் என்ன?

இதில் யாரும் பணத்தைத் திருடவில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான் பார்த்த எந்த வவுச்சரிலும் அப்படி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு செலவும் தனியாக எடுத்தால் நியாயமாகத்தான் இருந்தது.

2022 நவம்பர்

2022 செப்டம்பர் 10 முதல் தமிழ்நாட்டில் மின்கட்டணம் உயர்ந்தது. எட்டு ஆண்டுக்குப் பிறகு நடந்த பெரிய உயர்வு. ₹78,000 சுற்றி வந்துகொண்டிருந்த இரண்டு மாத பில் ₹98,000 ஆயிற்று. நவம்பர் மூன்றாம் வாரம் மின்வாரிய ஊழியர்கள் வந்து தெருவிளக்கு இணைப்புகளின் பியூஸ் கட்டையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். குடிநீர் மோட்டாரைத் தொடவில்லை.

நான்கு இரவு ஊர் இருட்டு. வாடைக்காற்று, மழை வேறு. விடியற்காலை மூன்று மணிக்குக் கரைக்குப் போகிறவர்கள் செல்போன் வெளிச்சத்தில் வலையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐந்தாம் நாள் துணைத்தலைவர் சொந்தப் பணம் ₹50,000 போட, பொது நிதியில் இருந்த ₹40,000-ஐச் சேர்த்துக் கட்டி வெளிச்சம் வந்தது. சொந்தப் பணத்தைப் போட்டதற்கு ரசீது கிடையாது. அடுத்த ஏலத்தில் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அன்று ராத்திரி தலைவருக்குத் தூக்கம் வரவில்லையாம். "குழுவுல ஒருத்தி தவணை கட்டலைன்னா மத்த பதினோரு பேரும் அவ வீட்டு வாசல்ல போய் நிப்போம். இங்க மூணு வருஷமா நான் கட்டல, ஒருத்தர் கேக்கலயே மாமா" என்று என்னிடம் சொன்னார்.

கணக்கில் கண்டவை

ரொக்கப் பதிவேட்டைத்தான் முதலில் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மூன்று கணக்கிலும் சேர்த்து ₹1,80,000 கையிருப்பு. தணிக்கைத் தடைகளும் சில்லறைதான். அதை மட்டும் பார்ப்பவர் இது வசதியான ஊராட்சி என்று எழுதிவிட்டுப் போவார்.

பிறகு செயலர் மேசையின் அடியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். பழைய மாதக் காலண்டர் தாளில் அட்டை போட்டது, முனையெல்லாம் மடங்கியது. அதில் பென்சிலில் "தர வேண்டியது" என்று தலைப்பு. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஊராட்சி அந்த நோட்டில் இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து, பில்களோடு ஒத்துப் பார்த்து, 2022 டிசம்பர் 31 நிலவரப்படி பட்டியல் எடுத்தோம். மின்கட்டணம் ₹9,40,000. குடிநீர் வாரியத்துக்கு ₹5,10,000. ஒப்பந்தக்காரர் இருவருக்கு ₹3,60,000. டவுன் மின்சாதனக் கடைக்கு ₹85,000. வீட்டு வரியோடு வசூலித்துக் கட்டாமல் விட்ட நூலக வரி ₹65,000. மோட்டார் பழுது பார்த்த கடைக்கு ₹40,000. டேங்க் ஆபரேட்டர்களின் இரண்டு மாதச் சம்பளம் ₹30,000. ஆக ₹20,30,000. துணைத்தலைவரின் ஐம்பதாயிரத்தை அவர் கேட்டுக்கொண்டபடி இதில் சேர்க்கவில்லை. சேர்த்திருக்க வேண்டும்.

பிரித்துப் பார்த்தால் வீட்டுக்கு 2,333 ரூபாய்.

இந்த வகுத்தலுக்கு ஒரு காரணம் இருந்தது. 2021 ஆகஸ்ட் 9-இல் தமிழ்நாட்டின் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் மாநிலத்தின் கடன் ₹5.70 லட்சம் கோடி, குடும்பத்துக்கு ₹2,63,976 என்று வகுத்துக் காட்டியிருந்தார்கள். அந்த எண் டீக்கடை வரை வந்திருந்தது. "யார் வாங்குன கடன்? நான் கையெழுத்துப் போடலயே" என்று எங்கள் கரையிலும் கேட்டவர்கள் உண்டு. நோட்டைப் பார்த்தபோது அதற்குப் பாதி விடை கிடைத்தது போல் எனக்குப் பட்டது. அரசின் அனுமதி இல்லாமல் ஊராட்சி வங்கியில் போய்க் கடன் வாங்க முடியாது. அதனால் பில்லைக் கட்டாமல் விடுகிறது. மின்வாரியத்துக்கு வர வேண்டியது வரவில்லை என்றால் வாரியம் கடன் வாங்கும். 2017 ஜனவரியில், மின்வாரியங்களின் கடனைச் சீர்செய்ய மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தபோது மின்வாரியக் கடனில் ₹22,815 கோடியை மாநில அரசு தன் பேருக்கு மாற்றிக்கொண்டது. வாரியத்தின் நட்டத்துக்கு ஊராட்சிப் பாக்கியைவிடப் பெரிய காரணங்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கோபுர விளக்கும் அந்தப் படிக்கட்டில்தான் ஏறிப் போகிறது. இரண்டு இடத்திலும் வழக்கம் ஒன்றே: கொடுத்த பணம் கணக்கில் வரும், கொடுக்க வேண்டியது வராது.

அடுத்த வேலை விளக்கு எண்ணுவது. பதிவேட்டில் 214. ஆபரேட்டர் தம்பியோடு ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பி, கம்பம் கம்பமாகச் சுண்ணாம்பில் எண் போட்டுக்கொண்டே நடந்தோம். முடிக்கும்போது மணி பன்னிரண்டே கால், எண்ணிக்கை 287. ஒரு மீன் கம்பெனியின் காம்பவுண்டுக்குள் ஆறு, வீட்டு முற்றங்களில் ஒன்பது, மூன்று கோயில் பந்தலில், ஒன்று ஆட்டுக்கொட்டகையில். ஆட்டுக்கொட்டகைக்காரர் துணைத்தலைவரின் சித்தப்பா. மறுநாள் பகலில் திரும்ப நடந்தபோது 31 விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உப்பாகிப் போய் ஐந்து ஆண்டுக்கு முன் கைவிட்ட இரண்டு ஆழ்துளைக் கிணற்றின் மின் இணைப்புகளும் உயிரோடு இருந்தன. மோட்டார் இல்லை, கம்பி இல்லை, பில் மட்டும் மாறாமல் வந்துகொண்டிருந்தது.

வீட்டு வரியில் வேறு விதமான வேடிக்கை. மாடி எழும்பி, கிரானைட் போட்டு, வாசலில் கார் நிற்கும் வீட்டுக்கு ஓட்டு வீட்டு வரி. பழைய பதிவேட்டைப் பார்த்துப் பார்த்துப் பெயர்த்து எழுதியிருக்கிறார்கள், வீட்டைப் பார்த்து எழுதவில்லை.

முன்னால் இருந்த வழிகள்

2023 ஜனவரி முதல் வாரம் தலைவர், துணைத்தலைவர், வார்டு உறுப்பினர்கள், செயலர், நான் என எல்லாரும் உட்கார்ந்தோம். நான்கு யோசனை வந்தது.

முதலாவது, சும்மா இருப்பது. எப்படியும் ஒருநாள் அரசு தள்ளுபடி செய்யும், அல்லது மானியத்திலேயே நேராகப் பிடித்துக்கொள்ளும். இதைச் சொன்னவரைக் குறை சொல்ல முடியாது. ஒழுங்காகக் கட்டியவனுக்கு எதுவும் கிடைக்காமல், கட்டாதவனுக்குத் தள்ளுபடி கிடைத்ததை விவசாயக் கடனிலும் நகைக் கடனிலும் பார்த்த ஊர் அது.

இரண்டாவது, மூன்றாம் கணக்கின் நிதிக்குழு மானியத்தில் கை வைப்பது. குடிநீர் மோட்டாரின் மின்கட்டணம் குடிநீர்ச் செலவுதானே என்பது வாதம். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டதில் "பார்க்கலாம்" என்றார்கள். எழுத்தில் தர யாரும் முன்வரவில்லை. எழுத்தில் வராததைச் செய்ய வேண்டாம் என்று நான் சொன்னேன். அந்த மானியத்துக்குத் திட்டமிட்ட குழாய் வேலை நின்றால் தண்ணீர் பிரச்சினை வரும் என்று தலைவரும் மறுத்தார்.

மூன்றாவது, துணைத்தலைவரும் இன்னும் இருவரும் சேர்ந்து ₹5,00,000 கைமாற்றாகத் தருவது, பதிலுக்குக் கருவேல ஏலமும் மீன் இறங்குதளக் குத்தகையும் மூன்று ஆண்டுக்கு அவர்களுக்கு. நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்று நம்புகிறேன். வருமானத்தை முன்கூட்டி விற்கும் யோசனை அது. அந்த மூன்று ஆண்டு வெறுங்கையோடு இருக்க வேண்டும்.

நான்காவதைத்தான் எடுத்தோம். பழைய பாக்கியைப் பற்றிப் பேசும் முன், இனி வரும் பில் ஒன்றுகூட நிற்கக் கூடாது. பழையது தவணையில். இந்த வரிசை ஏன் என்று பலர் கேட்டார்கள். படகில் ஓட்டை இருக்கும்போது தண்ணீரை இறைத்து என்ன பயன், முதலில் ஓட்டையை அடை என்பதுதான் காரணம். நாட்டு வரவு செலவில் வட்டியை ஒதுக்கிவிட்டு மீதிக்கு வரவும் செலவும் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள், முதன்மைப் பற்றாக்குறை என்பது அதுதான். எங்கள் ஊரில் அந்தச் சொல் தேவைப்படவில்லை.

கிராம சபை, 2023 ஜனவரி 26

பாக்கிப் பட்டியலைச் சபையில் வாசிக்க வேண்டும் என்று தலைவர் முடிவெடுத்தார். எனக்குத் தயக்கம் இருந்தது. எதிர்த்தரப்புக்குக் கையில் எடுத்துக் கொடுப்பதாகும் என்றேன். "பீஸ் புடுங்குனப்பவே தெரிஞ்சு போச்சே மாமா, இனி என்ன மறைக்க" என்றார். ஊராட்சி அலுவலகத்தின் வெளிச்சுவரில் ஆறடிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, சாக்குக்கட்டியில் பட்டியலை எழுதி வைத்தார். அடியில்: வீட்டுக்கு ₹2,333.

சபையில் கூச்சல் இருந்தது. வளைவு எதற்குக் கட்டினாய் என்று கேட்டார்கள், கட்டச் சொல்லித் தீர்மானம் போட்ட அதே ஆட்கள். ஒரு இளைஞர், எல்லா அரசாங்கமும்தான் கடன் வாங்குகிறது, நம் இருபது லட்சம் ஒரு பெரிய விஷயமா என்றார். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "அக்கரையில நடந்தத பாத்தோம்ல தம்பி" என்றார். 2022 மார்ச்சில் இலங்கையிலிருந்து தனுஷ்கோடி மணல்திட்டில் கைக்குழந்தையோடு வந்து இறங்கியவர்களைத்தான் சொன்னார். அடுத்த மாதம் 12-ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது.

அந்த ஒப்புமை பாதிதான் சரி என்று எழுந்து சொன்னேன், சபை கேட்டதா என்பது வேறு. இலங்கை டாலரில் கடன் பட்டிருந்தது, டாலரை அவர்கள் அச்சடிக்க முடியாது. 2019 கடைசியில் வரியைக் குறைத்தார்கள், கொரோனாவில் சுற்றுலா வருமானமும் போயிற்று. இந்திய அரசு பெரும்பாலும் ரூபாயில், உள்நாட்டிலேயே வாங்குகிறது, அதனால் அந்த மாதிரி ஒரே நாளில் கையை விரிக்க வேண்டியதில்லை. ஆனால் மாநிலமும் ஊராட்சியும் ரூபாயையும் அச்சடிக்க முடியாதவை. அந்த வகையில் நாங்கள் இலங்கைக்குத்தான் கிட்ட.

இதையெல்லாம்விட ஒரு நாட்டுப்படகுக்காரர் பேசியதுதான் எடுபட்டது. "ஏவாரிக்கிட்ட அட்வான்ஸ் வாங்குனவன் நான். அவன் வைக்கிறதுதான் வெல. வெளிய நானூறு போற மீன அவனுக்கு முந்நூறுக்குப் போட்டுட்டு வாய மூடிக்கிட்டு வருவேன். வட்டி கேக்க மாட்டான், நல்லவன்தான். ஆனா வெலைய நான் சொல்ல முடியாது." பிறகு வந்த மத்திய அரசின் 2025–26 வரவு செலவுத் திட்டத்தில் மொத்தச் செலவு ₹50.65 லட்சம் கோடி, அதில் வட்டிக்கு மட்டும் ₹12.76 லட்சம் கோடி, நான்கில் ஒரு ரூபாய். அதைப் படித்தபோது அந்த மனிதரின் முகம்தான் எனக்கு நினைவு வந்தது.

தீர்மானம் நான்கு வரி. நடப்பு பில் உரிய தேதிக்குள். தனியார் இடத்து விளக்குகள் நீக்கம். எல்லா வீடும் டேப் வைத்து அளந்து வரி திருத்தம். புதிதாக எது வந்தாலும், அதை ஓட்டும் செலவு யாருடையது என்று எழுதி வாங்காமல் ஏற்பதில்லை. ஒரு பெண் எழுந்து, "லைட்ட எடுங்க, வேணாங்கல. கரைக்குப் போற பாதையில மட்டும் கை வைக்காதீங்க" என்றார். அது ஐந்தாவது வரியாயிற்று.

தொடர்ந்தவை

விளக்கு 287-லிருந்து 241 ஆனது. முதல் நாள் கழற்றியது ஆட்டுக்கொட்டகை விளக்கு. துணைத்தலைவரே கூட நின்றார், அதற்குப் பிறகு வேறு யாரும் எதிர்க்கவில்லை. தெருவிளக்குச் சுவிட்சுகளுக்கு டைமர் போட்டோம். கைவிட்ட இரண்டு இணைப்பையும் எழுதிக் கொடுத்துத் துண்டித்தோம். ஏப்ரலுக்குப் பிறகு இரண்டு மாத பில் ₹79,000-க்கு இறங்கியது. மின்வாரிய அலுவலகத்தில் பாக்கிக்கு மாதம் ₹15,000 தவணை கேட்டோம், ஒப்புக்கொண்டார்கள்.

வரி அளவை மூன்று மாதம் ஓடியது. கேட்பு ₹2,40,000-லிருந்து ₹3,65,000 ஆனது. மாடி வீட்டுக்காரர்களில் சிலர் தலைவர் வீட்டு விசேஷத்துக்கு வரவில்லை. 2023–24 வசூல் ₹2,90,000.

நான்காவது கோபுர விளக்கு ஒன்று அந்த ஆண்டு வந்து வாசலில் நின்றது. கோயில் முக்கில் வைக்கலாம் என்றார்கள். ஓட்டும் செலவு யாருடையது என்று தலைவர் கேட்டார். பதில் இல்லை. வேண்டாம் என்று கடிதம் கொடுத்தார். இலவசமாக வந்த விளக்கை வேண்டாம் என்ற தலைவர் என்று ஊருக்குள் பேச்சு. அவருடைய ஐந்து ஆண்டில் அதிகம் திட்டு வாங்கிய முடிவு அதுதான்.

தவறிய இடம்

ஆர்.ஓ. பிளாண்ட்டில் நாங்கள் செய்தது தவறு, அதில் என் பங்கு பெரிது. 2023 பிப்ரவரியில், உப்பைப் பிரிக்கும் மெம்பிரேனும் முன்வடிகட்டியும் மாற்ற ₹48,000 ஆகும் என்று ஆபரேட்டர் எழுதிக் கொடுத்தார். தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. தவணை தொடங்கும் நேரம், ஆறு மாதம் தள்ளலாம் என்று நான் சொன்னேன். "அண்ணே, பிரஷர் ஏறிக்கிட்டே போகுது" என்று அவர் இரண்டு தடவை சொன்னார். எனக்கு அது செலவு வைக்கும் பேச்சாகத்தான் கேட்டது. மே முதல் வாரம் மெம்பிரேன் அடைத்து, பம்பு எரிந்து, பிளாண்ட் நின்றது. சரிசெய்ய ₹1,35,000. பணம் திரட்டிச் சாமான் வந்து ஓட 37 நாள்.

அந்த 37 நாளும் வேனில் வந்த தண்ணீர் குடம் 12 ரூபாய். நாளைக்கு நான்கு குடம் வாங்கும் வீட்டில் குடத்துக்கு 7 ரூபாய் வீதம் கூடுதலாகப் போனது 1,036 ரூபாய். ஊராட்சியின் நோட்டில் அது வராது, வீட்டுப் பெண்களின் முந்தானை முடிச்சில்தான் குறைந்திருக்கும். மே, ஜூன் மின் தவணையும் தவறியது. மிச்சம் பிடித்த ₹48,000 போக, அதற்கு மேலும் ₹87,000 கையிலிருந்து போனது. செலவைக் குறை என்று சொல்லும் ஆட்கள், எல்லா நாட்டிலும், முதலில் கை வைப்பது பராமரிப்பில்தான். வெட்டினால் அன்றைக்குச் சத்தம் வராது என்பதுதான் காரணம். நானும் அதையே செய்தேன்.

இன்னொன்று வசூல் காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. எங்கள் ஊரில் விசைப்படகுக் கூலிகள் நிறைய. அந்த மே மாதம் நோட்டீஸோடு வீடு வீடாகப் போனோம். கையில் காசு இல்லாதவனிடம் வரி கேட்டால் வரி கிடைக்காது, பகைதான் கிடைக்கும். மறு ஆண்டு ஜூலையில் போனபோது அதே வீடுகளில் உட்கார வைத்து டீ கொடுத்துக் கட்டினார்கள்.

2024 டிசம்பர் நிலவரம்

2023 ஏப்ரலுக்குப் பின் நடப்பு மின் பில் ஒன்றுகூட நிற்கவில்லை. தவணை 21 மாதத்தில் 17 மாதம் கட்டப்பட்டது, ₹2,55,000. கருவேல ஏலத்தில் வந்த ₹1,60,000-ஐ மொத்தமாகக் கட்டினோம். தாமதக் கட்டணமும் சேர்ந்ததால் பாக்கி ₹5,60,000-இல் நின்றது. ஒப்பந்தக்காரர்கள், கடைகள், ஆபரேட்டர்கள் கணக்கு தீர்ந்தது. துணைத்தலைவரின் ஐம்பதாயிரமும் தீர்ந்தது, இந்தத் தடவை ரசீதோடு. குடிநீர் வாரியப் பாக்கி குறையவில்லை, கொஞ்சம் கூடியிருந்தது. நூலக வரியைத் தொடவே இல்லை. புத்தகம் பியூஸைப் பிடுங்காது.

மாற்றிச் செய்வேன் என்றால்

"தர வேண்டியது" நோட்டை முதல் மாதமே பதிவேடாக்கியிருப்பேன். மூன்று ஆண்டு கழித்து வந்த எனக்கு அது சொல்லச் சுலபம். பராமரிப்புக்கென்று தனித் தொகை ஒதுக்கி, மின் தவணையைவிட அதற்கு முன்னுரிமை கொடுத்திருப்பேன். தவணை 15,000 என்பதை 10,000 என்று கேட்டிருக்கலாம், தவறாமல் கட்டியிருப்போம். குடிநீர் இணைப்புக்கான 30 ரூபாயைப் பற்றிச் சபையில் பேசத் துணியவே இல்லை. அதன் வசூல் கடைசி வரை பாதியைத் தாண்டவில்லை. கடனைத் தீர்க்கும் பாரம் முழுக்க மாடி வீட்டு வரியின் தலையில் விழுந்ததற்கு அந்தப் பயமும் காரணம்.

ஐந்து வரித் தீர்மானம் அந்தத் தலைவரையும் அந்தச் சபையையும் தாண்டி யாரையும் கட்டவில்லை. பற்றாக்குறைக்கு வரம்பு கட்ட மத்திய அரசு 2003-இல் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் போட்டது, தமிழ்நாடும் அதே ஆண்டு போட்டது. கெடு தள்ளிப் போவதும் திருத்தம் வருவதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. சட்டத்துக்கே அந்தக் கதி என்றால் கிராம சபைத் தீர்மானத்தைப் பற்றி என்ன சொல்ல.

பிறகு

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சியின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்ப்பவர், மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். டைமர்களில் இரண்டு மழையில் பழுதாயின, மாற்றக் கோப்பு போயிருக்கிறது. மார்ச்சில் மாநில வரவு செலவுத் திட்டம் வந்தபோது, 2026 மார்ச் முடிவில் தமிழ்நாட்டின் கடன் ₹9.29 லட்சம் கோடியாக இருக்கும் என்று சொன்னார்கள். குடும்பத்துக்கு எவ்வளவு என்று இந்தத் தடவை டீக்கடையில் யாரும் வகுத்துப் பார்க்கவில்லை.

தலைவர் திரும்ப மகளிர் குழுக் கணக்கு எழுதுகிறார். செப்டம்பரில் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். அலுவலகச் சுவரில் கறுப்புப் பலகை அப்படியே இருந்தது. கடைசி வரி அவர் கையெழுத்தில், 2024 டிசம்பர். சாக்குக்கட்டி பாதி அழிந்திருந்தது. நான்காவது கோபுர விளக்கு வந்துவிட்டது, கோயில் முக்கில்தான். எரிந்துகொண்டிருந்தது. பகல் பதினொரு மணி.